கார் இன்ஜினை வீட்டில் சுத்தம் செய்ய எது சரி: துணியா, குழாய்த் தண்ணீரா, பிரஷர் வாஷரா, நீராவியா?

இன்ஜினைத் தண்ணீர் விட்டுக் கழுவலாமா என்று கேட்டால் இரண்டு விதமான பதில்கள் வரும். "பல வருஷமா பிரஷர் வாஷர்லதான் அடிக்கிறேன், ஒண்ணும் ஆனதில்லை" என்பார் ஒருவர். "தண்ணியே காட்டாதீங்க, ஒரு தடவை கழுவினேன், மறுநாள் வண்டி ஸ்டார்ட் ஆகலை" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். இருவருடைய வண்டியின் வயது வேறு, அழுக்கு வேறு, தண்ணீர் போய்ச் சேர்ந்த இடமும் வேறு.

அதனால் "கழுவலாமா, கூடாதா" என்று யோசிப்பதை விட, "என் வண்டியில் இருக்கும் அழுக்கு போக எது போதும்" என்று யோசிப்பது நல்லது. பெரும்பாலான வண்டிகளுக்குத் தண்ணீரே தேவைப்படாது என்பது என் கணிப்பு. தண்ணீர் தேவைப்படும் வண்டிக்கும் அழுத்தம் தேவைப்படாது.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் பார்க்க வேண்டியது அழுக்கின் வகை. இன்ஜின் மேல் மூடியில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் தூளாக வந்தால் அது வெறும் தூசி. கறுப்பாக ஒட்டிக்கொண்டு துணியில் துடைத்தாலும் விரலை விட்டுப் போகவில்லையா? எண்ணெயும் தூசியும் சேர்ந்த பிசுக்கு. பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருப்பது மூன்றாவது வகை, அதற்கு வைத்தியமே தனி. சேறும், பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பும் நான்காவது. ஒன்றுக்கு ஏற்ற முறை மற்றொன்றுக்கு வீண் வேலையாகவோ ஆபத்தாகவோ போய்விடும்.

இரண்டாவது, மின் இணைப்புகளின் நிலை. "இன்றைய கார்களில் எல்லாம் வாட்டர்ப்ரூஃப்" என்று சொல்வது பாதிதான் சரி. கார் வயர்களை இணைக்கும் கனெக்டர்கள் பலவற்றுக்கு ஐபி67 என்ற தரம் இருக்கும். 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் உள்ளே கெடுக்கும் அளவுக்குத் தண்ணீர் புகாது என்பதுதான் அதற்குப் பொருள். 1 மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் வெறும் 0.1 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). அருகில் வைத்துப் பீய்ச்சும் தாரையைத் தாங்குவதற்கு ஐபி69கே என்று வேறு தரம் இருக்கிறது. அதில் 80 டிகிரி வெந்நீரை 80 முதல் 100 பார் அழுத்தத்தில், 10 முதல் 15 செ.மீ. தூரத்தில் வைத்து அடித்துச் சோதிப்பார்கள். முதல் சோதனையில் தேறிய கனெக்டர் இரண்டாவதிலும் தேறும் என்று அர்த்தமில்லை. அப்புறம், இந்தத் தரமெல்லாம் புதுக் கனெக்டருக்குத்தான். பல வருடம் இன்ஜின் சூட்டில் வெந்து இறுகிப்போன ரப்பர் சீலும் உடைந்த கிளிப்பும் உள்ள வண்டிக்கு எந்தத் தரமும் கணக்கில் வராது.

மூன்றாவது, கழுவிய தண்ணீர் எங்கே போகும் என்பது. இன்ஜினிலிருந்து வழியும் தண்ணீரில் ஆயில், கிரீஸ், கூலன்ட் எல்லாம் கலந்திருக்கும். அதை மழைநீர் வடிகாலிலோ மண்ணிலோ விடுவதைச் சட்டமே தடை செய்திருக்கும் இடங்கள் உண்டு. சட்டம் இல்லாத இடத்திலும் அது ஆறு, குளத்துக்கோ நிலத்தடி நீருக்கோதான் போகும்.

நான்காவது, காய வைக்க நேரம் இருக்கிறதா. கழுவுவது பத்து நிமிட வேலைதான், காய வைப்பதற்குத்தான் பொழுது போகும். அவசரமாக வெளியே கிளம்ப வேண்டிய நாளில் தண்ணீர் முறைகளை எடுக்கவே கூடாது.

கடைசியாக, தவறினால் என்ன இழப்பு. துணியால் துடைத்ததில் தவறு நடந்தால் ஒரு மூலையில் அழுக்கு மிச்சம் இருக்கும், அவ்வளவுதான். பிரஷர் வாஷரில் தவறு நடந்தால் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரையோ கம்ப்யூட்டர் யூனிட்டையோ மாற்ற வேண்டி வரலாம்.

| முறை | ஏற்ற அழுக்கு | தண்ணீர் | காயும் நேரம் | மறைமுகச் செலவு | ஆபத்து |
|---|---|---|---|---|---|
| பிரஷ், துணி, காற்று | தூசி, இலைச் சருகு | இல்லை | இல்லை | உழைப்பு, முகக்கவசம் | மிகக் குறைவு |
| டிகிரீசர் (பிசுக்கைக் கரைக்கும் திரவம்) தெளித்துத் துடைப்பது | லேசான, நடுத்தரப் பிசுக்கு | மிகக் குறைவு | அரை மணி நேரம் | நிறையத் துணி | குறைவு |
| டிகிரீசர், குழாய்த் தண்ணீர் | கெட்டியான பிசுக்கு, சேறு | அதிகம் | சில மணி நேரம் | மூடும் வேலை, கழிவுநீர் | நடுத்தரம் |
| பிரஷர் வாஷர் | இன்ஜினின் அடிப்பக்கச் சேறு மட்டும் | அதிகம் | பாதி நாள் | பழுதானால் பெரிய செலவு | அதிகம் |
| நீராவி | இடுக்குப் பிசுக்கு | குறைவு | ஒரு மணி நேரம் | இயந்திரம், பழக்கம் | நடுத்தரம் |

## எந்த முறையானாலும் தொடங்கும் முன்

வண்டியின் கையேட்டைப் புரட்டி, இன்ஜின் பகுதியைக் கழுவுவது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் விடாதீர்கள் என்று அதில் இருந்தால், வாரண்டிக் காலத்தில் அதை மீறுவது வீண் வம்பு.

இன்ஜின் கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கியிருக்க வேண்டும். ஓடி வந்து நின்ற வண்டியின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜின் புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) சில நூறு டிகிரி சூட்டில் இருக்கும். அதன்மேல் குளிர்ந்த நீர் பட்டால் வார்ப்பிரும்பு விரிசல் விடலாம். டிகிரீசரும் சூட்டில் உடனே காய்ந்து கறையாகப் படியும். லேசான வெதுவெதுப்பு மட்டும் இருந்தால் நல்லதுதான், பிசுக்கு இளகும்.

சாவியை எடுத்துவிடுங்கள். பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வண்டி என்றால் சாவியைத் தள்ளி எங்காவது வைத்துவிட்டு வாருங்கள். பல கார்களில் ரேடியேட்டர் விசிறி இன்ஜின் நின்ற பிறகும் தானாகச் சுழலத் தொடங்கும், அந்த நேரம் விரல் அங்கே இருக்கக் கூடாது.

ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறத்தில் தடித்த கேபிள்கள் ஓடும். அது உயர் மின்னழுத்தம். அந்த வண்டிகளுக்குக் கீழே சொல்லும் முதல் முறை மட்டும் போதும், மற்றவற்றை மறந்துவிடுங்கள்.

## 1. பிரஷ், துணி, காற்று

இரண்டு அங்குலப் பெயிண்ட் பிரஷ், பழைய டூத் பிரஷ், வேக்குவம் கிளீனர், நாலைந்து மைக்ரோஃபைபர் துணி. சாமான் அவ்வளவுதான். மேலிருந்து கீழே தூசியைத் தட்டிக்கொண்டே வேக்குவத்தால் இழுத்துவிட வேண்டும். பிறகு தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் பிளாஸ்டிக் மூடிகளையும் ரப்பர் குழாய்களையும் துடைக்க வேண்டும்.

கம்ப்ரசர் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அழுத்தத்தை 2, 3 பாருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் காற்று வேகத்திலேயே மடங்கிவிடும். விசிறியை ஒரு மரக்குச்சியால் தடுத்து நிறுத்தாமல் காற்றடித்தால் அது தன் அளவை மீறிச் சுழன்று பேரிங் கெடும். முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம், பறப்பது வெறும் மண் மட்டுமில்லை.

பலரும் தொடாமல் விடும் ஓர் இடம் இருக்கிறது. முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் அடியில் இருக்கும் பள்ளம். அங்கே சருகு சேர்ந்து வடிகால் துளை அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் வண்டிக்குள் இறங்கும். இன்ஜின் பளபளப்பதைவிட இந்தத் துளை திறந்திருப்பது முக்கியம் என்பேன்.

இந்த முறை எங்கே தோற்கும்? பிசுக்கில். எண்ணெய் அழுக்கை உலர்ந்த பிரஷால் தேய்த்தால் அது இடம்தான் மாறும்.

## 2. டிகிரீசர் தெளித்துத் துடைப்பது

எனக்குப் பிடித்தது இதுதான். அலசாமல், தண்ணீர் ஊற்றாமல், பிசுக்கை எடுத்துவிடும். தண்ணீரில் கலக்கும் வகை டிகிரீசரை பாட்டிலில் சொன்ன அளவுக்குக் கலந்து, பாகத்தின் மேல் நேராக அடிக்காமல் துணியிலோ பிரஷிலோ அடித்துக்கொள்ளுங்கள். ஒரு கை அகல இடத்தைத் தேய்த்து, உடனே ஈரத் துணியால் துடைத்து, அடுத்து உலர்ந்த துணி. பிறகு பக்கத்து இடம்.

கனெக்டருக்குப் பக்கத்தில் எவ்வளவு ஈரம் போகிறது என்பது முழுக்க உங்கள் கையில் இருக்கும். இந்த முறையின் மதிப்பே அதில்தான். கழிவுநீர்ப் பிரச்சினையும் இல்லை. மறைமுகச் செலவு என்றால் துணிகள்தான். பிசுக்கு ஏறிய துணியை மறுபடி வண்டியின் பெயிண்டில் போட்டுத் தேய்க்காதீர்கள், அதற்குள் மணல் இருக்கும்.

டிகிரீசரைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். காஸ்டிக் சோடா கலந்த, காரத்தன்மை மிகுந்த வகைகள் இரும்பில் நன்றாக வேலை செய்யும், அலுமினியத்தை அரித்து மங்கலாக்கிவிடும். இன்றைய இன்ஜின்களில் அலுமினியம் நிறைய இருப்பதால், அலுமினியத்துக்குப் பாதுகாப்பானது என்று எழுதியிருப்பதை வாங்குவது நல்லது. எதுவானாலும் பாகத்தின் மேலேயே காய விடக்கூடாது.

இங்கேயே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டீசலையோ மண்ணெண்ணெயையோ ஸ்ப்ரே கன்னில் அடித்துப் பிசுக்கைக் கரைக்கும் பழக்கம் பழைய பட்டறைகளில் உண்டு. பிசுக்கு கரையும் என்பது நிஜம். ஆனால் கூலன்ட் ஹோஸ்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற ரப்பரில் செய்யப்படுபவை, பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் ஊறி உப்பி மென்மையாகிவிடும். இடுக்கில் மிச்சமிருக்கும் டீசல், சூடேறிய மேனிஃபோல்டில் சொட்டினால் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளலாம், அதற்குச் சுமார் 210 டிகிரி போதும். பெட்ரோலைப் பற்றிப் பேசவே வேண்டாம், அதன் ஆவி உறைபனிக் குளிரிலும் தீப்பிடிக்கும்.

## 3. டிகிரீசரும் குழாய்த் தண்ணீரும்

கெட்டியான பிசுக்கு, அல்லது மண் சாலையில் ஓடி அப்பிய சேறு. இப்படிப்பட்ட வண்டிகளைத் துடைத்து மாளாது, அலசித்தான் ஆக வேண்டும். வீட்டுக் குழாயில் வருவது பெரும்பாலும் 2 முதல் 4 பார் அழுத்தம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வருவது என்றால் இன்னும் குறைவு, 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார்தான். பூவாளி போலத் தெளிக்கும் முனையை மாட்டிக்கொண்டால் அழுக்கை அலசவும் போதும், ரப்பர் சீலை உடைக்கும் வலுவும் இருக்காது.

இதில் பாதி வேலை மூடுவதில்தான் இருக்கிறது. ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், இன்ஜின் கம்ப்யூட்டர் யூனிட், ஏர் ஃபில்டருக்குக் காற்று இழுக்கும் வாய், ஸ்பார்க் பிளக்குக்கு மேலே இருக்கும் இக்னிஷன் காயில்கள், பேட்டரி. இந்த ஆறும் அவசியம். பழைய வண்டியில் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து தரும் டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்டு போடலாம். வளைவு நெளிவான இடத்துக்கு அலுமினியம் ஃபாயில் இன்னும் நன்றாகப் படியும். ஆயில் மூடி, டிப்ஸ்டிக், பிரேக் ஆயில் மூடி எல்லாம் இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்.

காற்று இழுக்கும் வாயை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மற்ற இடங்களில் தண்ணீர் புகுந்தால் காய வைத்துக்கொள்ளலாம். அந்த வாய் வழியாக அதிகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் கதை வேறு. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது அதைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஓடும் இன்ஜினில் தண்ணீர் அடிக்கக் கூடாது என்பதற்கும் இதுவே முதல் காரணம்.

டிகிரீசரைக் கீழிருந்து மேலாகத் தெளித்து, சில நிமிடம் ஊறவிட்டு, பிரஷால் தேய்த்து, மேலிருந்து கீழாக மெல்ல அலச வேண்டும். ஒரே இடத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். டிகிரீசர் பெல்ட்டில் தங்கினால் ஸ்டார்ட் செய்ததும் கிரீச்சிடும், ஆல்டர்னேட்டர் பேரிங்கில் புகுந்தால் உள்ளே இருக்கும் கிரீஸைக் கரைத்துவிடும். கீழே தார்ப்பாய் விரித்து, வழியும் நீரை மரத்தூளிலோ மணலிலோ உறிஞ்ச விட்டால் அள்ளித் தனியாக அப்புறப்படுத்தலாம்.

அலசியதும் மூடிய பைகளை எல்லாம் உடனே எடுத்துவிடுங்கள். உள்ளே வேர்த்து நிற்கும் ஈரம் வெளித் தண்ணீரைவிட மோசம். புளோயரால் கனெக்டர்கள், காயில் இடுக்குகள், ஆல்டர்னேட்டர் பக்கம் எல்லாம் ஊதி, தேங்கியதைத் துணியால் ஒற்றி எடுத்து, பானெட்டைத் திறந்தே வைத்துச் சில மணி நேரம் விடுங்கள். பிறகுதான் ஸ்டார்ட் செய்து, பதினைந்து இருபது நிமிடம் ஓடவிட்டு, அந்தச் சூட்டில் மிச்ச ஈரத்தைப் போக்க வேண்டும். இன்ஜினுக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டு உள்ள வண்டிகளில் தண்ணீர் அதன்மேல் தேங்கி நிற்கும், குனிந்து பாருங்கள்.

## 4. பிரஷர் வாஷர்

வீட்டு உபயோக இயந்திரங்களே 100 பாரைத் தாண்டும். முனையை விலக்கிப் பிடித்தால் வேகம் குறையும் என்பது சரிதான், ஆனால் இன்ஜின் அறை நெருக்கமான இடம், கை தானாகவே கிட்டே போய்விடும். கனெக்டர் சீல், ரேடியேட்டர் தகடு, எச்சரிக்கை ஸ்டிக்கர், ஒலியைத் தடுக்கும் பஞ்சு எல்லாம் பாழாகும். பாழானது அன்றைக்கே தெரிந்தால்கூடப் பரவாயில்லை. கனெக்டருக்குள் புகுந்த ஈரம் செம்பு முனைகளைப் பச்சையாக அரித்து, சில மாதம் கழித்து ஏதோ ஒரு சென்சார் கோளாறாகத் தலைகாட்டும். அதைக் கழுவலோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. "ஒண்ணும் ஆனதில்லை" என்று சொல்பவர்களில் சிலரின் கணக்கில் இது விடுபட்டிருக்கக்கூடும்.

இது நல்ல தேர்வாகும் ஒரே சூழல்: சகதியில் ஓட்டிய வண்டியின் அடிப்பாகம், சஸ்பென்ஷன், இன்ஜினுக்குக் கீழே உள்ள கிராஸ்மெம்பர் என்ற குறுக்குச் சட்டம். அங்கேயும் மூட்டுகளை மூடியிருக்கும் ரப்பர் பூட்களின் மேல் நேராக அடிக்க வேண்டாம். பானெட்டுக்கு உள்ளே இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## 5. நீராவி

நல்ல இயந்திரம், பழகிய கை இரண்டும் இருந்தால் இது அருமையான முறை. சூட்டில் பிசுக்கு இளகி வரும், டிகிரீசர் குறைவாகப் போதும், தரையில் ஓடும் தண்ணீர் கொஞ்சம்தான். ஆனால் நீராவி என்பதால் ஈரம் இல்லை என்று நினைக்கக் கூடாது. குளிர்ந்த பாகத்தில் பட்டதும் அது தண்ணீராகிறது. மூடிய இடுக்குக்குள் போய் அங்கே நீராக மாறினால் துடைக்கவும் எட்டாது. அதனால் மூடும் வேலையும் புளோயர் வேலையும் இங்கேயும் உண்டு. வெயிலிலும் சூட்டிலும் வெந்துபோன பழைய பிளாஸ்டிக் கிளிப், பெயிண்ட் உரிந்த ஓரம், ஒட்டிய லேபிள் இவற்றில் நீராவி சேதம் செய்யும்.

3, 4 பார் அழுத்தமுள்ள சிறிய வீட்டு நீராவிக் கருவி, தரை துடைக்க ஏற்கெனவே இருந்தால், இடுக்குகளுக்குப் பயன்படுத்தலாம். இன்ஜினுக்காகவே புதிதாக வாங்குவதில் அர்த்தமில்லை. அந்தப் பணத்துக்குத் தெரிந்த ஒரு கடையில் நீராவியில் செய்து வாங்கிக்கொள்ளலாம். கடைக்குக் கொடுக்கும் முன், என்ன முறையில் செய்வார்கள், எதையெல்லாம் மூடுவார்கள், எப்படிக் காய வைப்பார்கள் என்று கேளுங்கள். பதிலில் தயக்கம் இருந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம்.

## உங்கள் நிலைமைக்கு எது

புது வண்டி, நகரத்தில் ஓடுவது, தூசி மட்டும்: முதல் முறை. யோசிக்கவே வேண்டாம்.

ஆயில் கசிகிறது, எங்கிருந்து என்று தெரியவில்லை: இரண்டாவது முறையில் அந்தப் பகுதியைத் துடைத்துவிட்டு, சில நாள் ஓட்டிப் பார்த்தால் புது ஈரம் எங்கே தொடங்குகிறது என்று தெரியும். இன்ஜினைச் சுத்தம் செய்ய இதைவிட நல்ல காரணம் கிடையாது. கசிவை நிறுத்தாமல் பளபளப்பாக்குவது மட்டும் வீண்.

வண்டியை விற்கப் போகிறீர்கள்: அளவோடு நிறுத்துங்கள். மற்ற இடமெல்லாம் பழசாக இருக்க இன்ஜின் மட்டும் பளிச்சென்று இருந்தால், விஷயம் தெரிந்தவர் எதையோ மறைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். தூசி தட்டித் துடைத்தால் போதும்.

பேட்டரி முனையில் வெள்ளைப் பூச்சு: முழு இன்ஜினையும் கழுவ வேண்டியதில்லை. நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, சமையல் சோடா கலந்த தண்ணீரால் பிரஷ் போட்டுத் தேய்த்து, துடைத்து, நெகட்டிவைக் கடைசியில் மாட்டுங்கள். கைக்கு உறை வேண்டும், அதில் அமிலம் இருக்கும்.

எலி கூடு கட்டியிருக்கிறது: தண்ணீருக்கு முன் வயர்களைப் பாருங்கள். கடித்துச் செம்பு தெரியும் வயரில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உலர்ந்த பிரஷாலோ வேக்குவத்தாலோ தொட வேண்டாம், எலி எச்சத்தின் தூசி நோய் பரப்பும்; முகக்கவசம் அணிந்து, கூட்டைக் கிருமிநாசினியால் லேசாக நனைத்து, உறை போட்ட கையால் எடுத்து, பிழிந்த துணியால் துடைத்து முடித்துவிடுங்கள்.

உப்பு தூவிய சாலை, கடலோரம், சேற்று வயல்: வருடத்துக்கு ஓரிரு முறை மூன்றாவது முறை தேவைதான். உப்பைத் துடைத்து எடுக்க முடியாது, கரைத்துத்தான் எடுக்க வேண்டும்.

முடித்ததும் பளபளப்புக்கு ஏதாவது பூச நினைத்தால் தண்ணீர் அடிப்படையிலான வகையைத் துணியில் எடுத்துப் பிளாஸ்டிக்கில் மட்டும் தடவுங்கள். சிலிக்கோன் ஸ்ப்ரேயைக் காற்று இழுக்கும் வாய்க்குப் பக்கத்தில் அடித்தால் அது உள்ளே போய் எரிந்து ஆக்சிஜன் சென்சாரைக் கெடுக்கும். பெல்ட்டில் எதுவும் படக் கூடாது.

## கழுவிய பிறகு இன்ஜின் உதறினால்

பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ஸ்பார்க் பிளக் அமர்ந்திருக்கும் குழியில் தண்ணீர் நிற்பதுதான் காரணம். மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காமல் நிறுத்திவிட்டு, காயில்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, குழியைக் காற்றால் ஊதிக் காய வைத்து, காயிலின் ரப்பர் உறையையும் துடைத்து மாட்டுங்கள். செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் அந்த நிலையில் ஓட்டவே கூடாது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சூடேற்றிப் பாழாக்கும். காய்ந்த பிறகும் விளக்கு அணையவில்லை என்றால் ஸ்கேனரில் கோளாறுக் குறியீட்டைப் பார்த்தால் இடம் தெரிந்துவிடும். பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பி0300 என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட சிலிண்டரில், அப்போது எல்லாக் காயில்களையும் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும்.